ஷில்லாங்கைவிட டெல்லி தூரம்: எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அவர்களுக்கும், எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் 2012 முதல் மத்திய அரசுப் பணியில் இருக்கிறேன். ஊதிய நிலை 7. சொந்த ஊர் கோவில்பட்டி. கணவர் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். மகனும் அத்தையும் அவரோடு இருக்கிறார்கள். நான் டெல்லியில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம், ஃபிட்மென்ட் ஃபேக்டர் (பழைய சம்பளத்தைப் புதியதாக்கும் பெருக்கல் எண்), ஓய்வூதியம் பற்றியெல்லாம் உங்களிடம் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. வேலை நிமித்தம் குடும்பத்தைப் பிரிந்து வெகுதூரத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்வருவதைப் பற்றி.

2023 மே மாதம் பதின்மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு ஊருக்குப் போனேன். காலையில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் இறங்கினேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. கதவைத் திறந்தவன் ஒரு நிமிடம் தயங்கி நின்றான். பிறகு "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது கையில் தண்ணீர். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கென்று மேல் தட்டில் தனியாக வைத்திருக்கும் பூப்போட்ட எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்திருந்தான். அவனுக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருபவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று அத்தை நல்லபடியாகப் பழக்கியிருந்தார், அவ்வளவுதான். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அன்று சாயங்காலமே மடியில் வந்து படுத்துக்கொண்டான், அது வேறு விஷயம். ஆனால் அந்த டம்ளரை நான் மறக்கவில்லை.

"குடும்பத்தை டெல்லிக்குக் கூட்டிவர வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. கணவர் மாநில அரசு ஊழியர். தமிழ்நாட்டைத் தாண்டி அவருக்கு மாறுதல் கிடையாது. கணவன் மனைவியை முடிந்தவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று 1986லும் 2009லும் வந்த உத்தரவுகள் இருக்கத்தான் செய்கின்றன. 'முடிந்தவரை' என்ற சொல்லும் அவற்றில் இருக்கிறது. என் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் காலியிடம் வரும்போதெல்லாம் விண்ணப்பித்து வருகிறேன்.

டெல்லிக்கு வருமுன் ஷில்லாங்கில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தேன், 2018லிருந்து 2021 வரை. ஆர்டர் வந்த அன்று வீடே அழுதது. மேகாலயா எங்கே, கோவில்பட்டி எங்கே! அங்கிருந்து குவாஹாத்திக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம், பிறகு சென்னைக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல், பிறகு ஊருக்கு இன்னொரு இரவு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொரோனா வந்து எல்லாவற்றையும் அடைக்கும்வரை, நான் வீட்டோடு அதிகம் இருந்தது அந்த ஷில்லாங் நாட்களில்தான்.

காரணம் 1983 டிசம்பர் 14ஆம் தேதியிட்ட ஒரு நிதி அமைச்சக ஆணை. வடகிழக்கில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்களுக்கான தனிச் சலுகைகள் அதில்தான் தொடங்கின. குடும்பத்தை அழைத்துச் செல்லாமல் தனியாக வந்திருக்கும் ஊழியர், இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசுச் செலவில் ஊர்ப்பயணம் என்ற பொது விதிக்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒருமுறை தன் குடும்பம் இருக்கும் இடத்துக்குப் போய்வரலாம். அத்தோடு, அவருடைய துணையும் இரண்டு குழந்தைகளும் ஆண்டுக்கு ஒருமுறை அவர் இருக்கும் இடத்துக்கு வந்து போகலாம். இந்த இரண்டாவது பாதியை எழுதியவர் யாரோ, அவருக்கு வீடு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. நான் ஒருமுறை போவேன், அவர்கள் ஒருமுறை வருவார்கள். ஆக, ஆண்டுக்கு இரண்டு சந்திப்பு உறுதி. 2019 கோடை விடுமுறையில் கணவரும் மகனும் வந்தார்கள். வார்ட்ஸ் ஏரிப் பாலத்தில் நின்று மீன்களுக்குப் பொரி போட்டு, ஒவ்வொரு மீனுக்கும் தன் தெருப் பிள்ளைகளின் பெயரை வைத்தான் மகன். அம்மா எங்கே தூங்குகிறாள், எந்த அடுப்பில் சமைக்கிறாள், எந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு போனில் பேசும்போது "ஜன்னல்ல மேகம் வந்துச்சாம்மா?" என்று கேட்பான்.

வடகிழக்கில் இருப்பவர்களுக்குப் பின்னால் வந்த சலுகை இன்னொன்றும் உண்டு. வழக்கமான சலுகைக்கு மேல், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு அவசரப் பயணங்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கிளம்பலாம். 2019இல் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அதில் ஒன்றைப் பயன்படுத்தினேன்.

2021இல் டெல்லிக்கு மாற்றினார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், "தலைநகரம், ஒரே ரயில்" என்று. கோவில்பட்டியில் நிற்கும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனில் கொண்டுவந்து விட்டுவிடும், உண்மைதான். ஆனால் டெல்லியில் இறங்கிய அன்றே என் மூன்று சலுகைகளும் போயின. ஆண்டுப் பயணம் போயிற்று, குடும்பம் வந்துபோகும் பயணம் போயிற்று, மிச்சமிருந்த அவசரப் பயணமும் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னொன்றும் முடிந்திருந்தது. புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள், அதாவது இரண்டு நான்காண்டு பிளாக்குகளில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை சொந்த ஊருக்கும் ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். அதாவது கிட்டத்தட்ட ஆண்டுதோறும் ஒரு பயணம். எட்டு ஆண்டு முடிந்ததும் பழைய கணக்கு, இரண்டாண்டுக்கு ஒருமுறை.

இந்த எட்டாண்டுக் கணக்கை நான் பல இரவுகள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருபத்து நாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முப்பத்திரண்டில் சலுகை பாதியாகிறது. பெற்றோருக்கு முழங்கால் வலி தொடங்குவதும், பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்குவதும் அந்த வயதில்தான். தேவை கூடும்போது சலுகை குறைகிறது. வேண்டுமென்றே யாரும் இப்படி வகுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேரும் இளைஞர்கள் ஊர் ஏக்கத்தில் வேலையை விட்டுவிடக் கூடாதே என்ற நல்ல நினைப்பில் வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் ஏக்கம் எட்டு ஆண்டில் ஆறிவிடுவதில்லை.

"டெல்லியில் இருப்பவர்களுக்கும் ஆண்டுப் பயணம் இருக்கிறதே" என்று விதி தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. 1988ஆம் ஆண்டு எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) விதிகளின்படி, குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவர் ஆண்டுக்கு ஒருமுறை தான் மட்டும் ஊர் போய்வரலாம். ஆனால் அதற்கு ஈடாக, தனக்கும் குடும்பத்துக்கும் உள்ள மற்ற எல்லாப் பயணச் சலுகைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நாலாண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கும் போகலாம் என்பதையும் சேர்த்து. நான் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை என்னோடு எங்கும் வரக் கூடாது என்பதுபோல் ஆகிறது. ஷில்லாங்கில் இருந்தவளுக்கு இரண்டும் உண்டு. டெல்லியில் இருப்பவளுக்கு இரண்டில் ஒன்று. ஆள் ஒன்று, வீடு ஒன்று, பிரிவு ஒன்று. இதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. போதாததற்கு, இந்தச் சலுகை 'சொந்த ஊருக்கு' மட்டும்தான். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை வேறொரு நகரத்தில் குடிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் படிவத்தில் எழுதிய ஊரில் பூட்டிய வீடுதான் இருக்கிறது. சொந்த ஊரைப் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறைதான் மாற்றிக்கொள்ள முடியும்.

டெல்லிக்கு வந்தபிறகு அப்பா போய்விட்டார். மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருக்கும்போது தகவல் வந்தது. ரயிலில் போனால் மூன்றாம் நாள். விமானத்தில் டெல்லியிலிருந்து சென்னை, இரவெல்லாம் சென்னை விமான நிலைய நாற்காலியில், விடிந்ததும் மதுரை. அன்றைய டிக்கெட் விலையை எழுதி உங்கள் இரக்கத்தைக் கேட்க விரும்பவில்லை. கொடுக்க முடிந்தது, கொடுத்தேன். எனக்குக் கீழே நிலை 1, நிலை 2இல் வேலை பார்க்கும் தம்பிகளால் அதைக் கொடுக்க முடியாது. அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. துடைத்தால் முகம் தெரியும் என்று நினைத்து வெளியே துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஷில்லாங்கில் நான் பயன்படுத்தாமல் விட்ட அந்த இரண்டாவது அவசரப் பயணம் டெல்லியில் என்னிடம் இருந்திருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார். இறப்புக்குச் சலுகை மருந்தில்லை. ஆனால் அவர் படுக்கையில் கிடந்த அந்த இரண்டு வாரத்தில், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், லீவையும் காசையும் எடுத்தால் பிறகு தேவைப்படும்போது இருக்காது" என்று நான் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். வெளியூரில் இருக்கும் ஊழியர்கள் எல்லோரும் செய்யும் கணக்கு இது. பெரியவர் ஒருவர் படுத்தால், இப்போது போவதா, கடைசியில் போவதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற கணக்கு.

பயணச் சலுகையை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் வடகிழக்குக்கும், பிறகு ஜம்மு காஷ்மீருக்கும் அந்தமானுக்கும், சொந்த ஊர்ப் பயணத்தை விட்டுக்கொடுத்து அங்கே சுற்றுலா போகலாம் என்று திட்டம் வந்தது. விமானத் தகுதி இல்லாத ஊழியருக்கும் அதில் விமானம் உண்டு. நிலை 7இல் இருக்கும் எனக்கு ரயிலில் இரண்டடுக்கு ஏ.சி.தான் தகுதி. ஆனாலும் என் ஊர்ப் பயணத்தை ஒப்படைத்தால் டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு அரசுச் செலவில் பறக்கலாம். அதே ஊர்ப் பயணத்தில் மதுரைக்குப் பறக்க முடியாது. அந்தப் பகுதிகளில் சுற்றுலா வளர வேண்டும், அங்குள்ளவர்கள் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வடகிழக்கில் வாழ்ந்தவள் நான். 2020 அக்டோபரில் கொரோனாவால் பயணம் முடியாதபோது, எல்.டி.சி. பணத்தைப் பொருள் வாங்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். பயணக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்குக்கு, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருள் வாங்க வேண்டும். நானும் வாங்கினேன். அந்த வாஷிங் மெஷின் கோவில்பட்டி வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஊர்ப் பயணத்தைச் சுற்றுலாவாக மாற்றலாம், வாஷிங் மெஷினாகவும் மாற்றலாம் என்றால், அதைப் பிள்ளை தாயிடம் வந்துபோகும் பயணமாக மாற்ற மட்டும் ஏன் இடமில்லை?

விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் ஒரு பதில் சொன்னார். வயதான பெற்றோரைக் கவனிப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பையும், 20 நாள் அரைச் சம்பள விடுப்பையும், 8 நாள் தற்செயல் விடுப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்று. சரியான பதில். ஆனால் அதே 30 நாள், அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத்தில் அம்மா வீடு இருப்பவருக்கும் 30 நாள்தான், 2,700 கி.மீ. தள்ளி இருப்பவருக்கும் 30 நாள்தான். பன்னிரண்டு நாள் லீவு கிடைத்தால் அதில் கிட்டத்தட்ட நாலு நாள் எனக்கு ரயிலில் போகிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த சில நிமிடங்களில் தெற்கே போகும் வண்டிகளில் மே மாதம் நிரம்பிவிடும். லீவு அதற்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஒருமுறை எனக்கு லீவு கிடைத்தபோது டிக்கெட் இல்லை. மறுமுறை டிக்கெட் கிடைத்து லீவு ரத்தானது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் இருக்கிறது, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

நான் கேட்பது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அல்ல. 1983 ஆணையில் வடகிழக்குக்குக் கொடுத்த அந்த ஏற்பாட்டை, குடும்பத்திலிருந்து 1,000 கி.மீ.க்கு அப்பால் தனியாக இருக்கும் எந்த மத்திய அரசு ஊழியருக்கும், எந்த ஊரில் பணியாற்றினாலும் கொடுங்கள். ஊழியர் ஆண்டுக்கு ஒருமுறை போகட்டும், குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை வரட்டும். இரண்டு அவசரப் பயணங்களையும் எல்லோருக்குமானதாக ஆக்குங்கள். குறைந்தபட்சம், வடகிழக்கில் பணியாற்றித் திரும்பியவர் பயன்படுத்தாததை அவரிடமிருந்து பறிக்காமல் இருங்கள். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் 'குடும்பம் வசிக்கும் ஊர்' என்றும் சேருங்கள். பயணத்துக்கு ஆகும் நாட்களை விடுப்பில் கழிக்காதீர்கள். எட்டாண்டு வரம்பை எடுத்துவிடுங்கள். அந்த ஆணையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்: வடகிழக்கில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் எடுக்கும் விடுப்பு, அங்கே இருந்தாக வேண்டிய ஆண்டுக் கணக்கில் சேராது. மூன்றாண்டு முடித்துவிட்டேன் என்று நான் நினைத்திருக்க, ஊருக்குப் போன நாட்களைக் கூட்டி இன்னும் ஒன்றரை மாதம் இருக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனதற்காக வீடு இன்னும் தள்ளிப்போகக் கூடாது.

"அகில இந்தியாவில் எங்கும் பணியாற்றச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தீர்கள்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். போட்டேன். இன்றைக்கும் போடுவேன். டெல்லியிலும் ஷில்லாங்கிலும் என் மேசையில் கோப்பு தேங்கியதில்லை. தூரத்தில் வேலை பார்க்க ஒப்புக்கொண்டவள், பிள்ளைக்கு விருந்தாளியாக ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை ஆங்கிலேய அரசே புரிந்துவைத்திருந்தது. 1924இல் லீ ஆணையம், கடல் கடந்து வந்த ஐரோப்பிய அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் பணிக்காலத்தில் நான்கு முறை தாயகம் போய்வர அரசே கப்பல் கட்டணம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சீனாவில் 1981ஆம் ஆண்டு விதியின்படி, துணையைப் பிரிந்து பணியாற்றும் அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 30 நாள் விடுப்பும், போய்வரும் கட்டணமும் தனியாக உண்டு. சுற்றுலாவோடு அதைச் சேர்த்துக் குழப்பவில்லை. நம் நாட்டிலேயே 2019இல் உள்துறை அமைச்சர், மத்திய ஆயுதப் படை வீரர்கள் ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்ய வேண்டும் என்றார். கொள்கை ஏற்கனவே ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். எல்லையில் நிற்பவருக்குத்தான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. அவருக்கு அடுத்து எங்களையும் நினையுங்கள் என்கிறேன்.

முறைகேடு நடக்கும் என்பார்கள். எல்.டி.சி.யில் போலி டிக்கெட்டுகள் வந்தன, சி.பி.ஐ. வழக்குகள் பாய்ந்தன, மறைக்க ஒன்றுமில்லை. அவை பெரும்பாலும் விமானக் கட்டணத்தை ஊதிப்பெருக்கிய கதைகள். ரயிலில் ஊருக்குப் போவதில் என்ன ஊத முடியும்? பி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் யார் எந்தப் பெட்டியில் போனார் என்று அரசின் கணினியே சொல்லும். செலவைப் பொறுத்தவரை, டெல்லியிலிருந்து மதுரைக்கு இரண்டடுக்கு ஏ.சி.யில் ஒரு வழிக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். ஓர் ஊழியரை ஊர் மாற்றி, சாமான் ஏற்றி, குடியேற்ற ஆகும் செலவோடு இதை நிறுத்துப் பாருங்கள்.

ஏழாவது குழு சம்பளத்தோடு தரும் 196 படிகளை (அலவன்ஸ்) எடுத்து ஆராய்ந்து, 52ஐ நீக்கலாம் என்றது. அப்படி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும் பொறுமை உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். சங்கங்கள் தரும் கோரிக்கைப் பட்டியலில் இந்த விஷயம் எங்கோ பின்பக்கத்தில் ஒரு வரியாக வரலாம். அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

2012 முதல் நான் ஊருக்குப் போய்வந்த டிக்கெட்டுகள் அத்தனையும், அரசு கொடுத்ததும் நான் கொடுத்ததும், தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். ஷில்லாங் ஆண்டுகளையும் டெல்லி ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குழு அழைத்தால் கொண்டுவந்து காட்டத் தயார். டெல்லியில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பதினான்காம் ஆண்டுப் பணியில் இருக்கும் ஒரு மத்திய அரசு ஊழியை